ஏழாம் விளக்கு

டமார்!

கையிலிருந்த காபிப் பாத்திரம் நழுவி, நல்லவேளை, அடுப்பின் மேலேயே உட்கார்ந்தது. ஜன்னல் கண்ணாடி கிடுகிடுத்தது. எதிரே நின்ற பைன் மரத்தில் இரண்டு நாளாகத் தூங்கிக்கொண்டிருந்த பனி மொத்தமும் ஒரே சரிவாகக் கொட்டியது.

"எது? எது போச்சு?" நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தான் தானேலி.

வெளியூர்க்காரர்கள் யாராவது இருந்திருந்தால், வேட்டைக்காரன் சுட்டான் என்று நினைத்திருப்பார்கள். அது ரோடு வெடித்த சத்தம்.

சுவரில் ஒரு பலகை. அதில் எட்டுச் சின்னப் பச்சை விளக்குகள். கொட்டகைக்கு வெளியே காட்டை வெட்டி ஒரு கிலோமீட்டருக்குப் போட்டிருக்கும் எங்கள் சோதனை ரோட்டில் எட்டுத் துண்டுகள். ஒவ்வொரு துண்டுக்கும் ஒவ்வொரு விதமான தார்க் கலவை. ஒவ்வொன்றின் முதுகிலும் நீளவாக்கில் தலைமுடி கனத்தில் ஒரு கம்பி ஒட்டியிருக்கும். தார் விரிசல் விட்டால் கம்பி அறும், விளக்கு அணையும். பலகைக்குக் கீழே ஒரு முள், கொட்டகைக்குப் பக்கத்தில் இருக்கும் முதல் துண்டின் சூட்டை மட்டும் காட்டும்.

நாலாம் விளக்கு அணைந்திருந்தது.

"நாலு," என்றேன். "உன்னோடது இல்ல. உக்காரு."

"எத்தனையில?"

"முப்பத்தொண்ணு."

எங்கள் ஊர் கொர்வயார்வியில் ஜனவரி மாதம் யாரும் மைனஸ் என்று சொல்வதில்லை. வேறு எந்தப் பக்கம் இருக்கப்போகிறது? அன்று காலை காற்று நாற்பத்தொன்று. தார் எப்போதும் காற்றைவிடக் கொஞ்சம் தாமதமாகத்தான் குளிரும். அது முப்பத்தொன்றில் இருந்தது.

தானேலி உட்காரவில்லை. ஏழாம் விளக்கின் முன்னால் போய் நின்றுகொண்டான்.

தெற்கே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் வாங்கிவிட்டு, ஒரே ஒரு வருஷம் என்று சொல்லி வடக்கே வந்தவன் தானேலி. வந்து ஒன்பது வருஷம் ஆகிறது. காகித ஆலையில் பைன் மரத்தை அவிக்கும்போது மிஞ்சுகிற எண்ணெயைத் தாரோடு சேர்த்தால், தார் குளிரில் கண்ணாடியாக விறைக்காமல் ரப்பர் மாதிரி கொடுத்து வாங்கும் என்பது அவன் கட்சி. நாலு கலவை செய்து நாலும் தோற்றான். போன ஜனவரியில் ஐந்தாம் துண்டில் போட்டிருந்த நாலாவது கலவை இருபத்தெட்டிலேயே வெடித்துவிட்டது, அதைத் தோண்டியெடுத்து வேறு தார் போட்டுவிட்டார்கள். அதற்கப்புறம் அவன் போட்டதுதான் ஏழாம் துண்டு. கடைசி வாய்ப்பு என்று தலைமை ஆபீஸ் எழுத்திலேயே சொல்லிவிட்டது.

வியாழக்கிழமை கமிட்டி கூடி, புது ரோட்டுக்கு எந்தத் தார் என்று முடிவெடுக்கும். மலைக்கு அந்தப் பக்கம் ஹாங்கவாரா வரை எண்பது கிலோமீட்டருக்குப் புது ரோடு. இப்போதிருக்கிற ரோடு ஒவ்வொரு குளிரிலும் ஆயிரம் இடத்தில் பிளக்கும். மே மாதம் அந்தப் பிளவு வழியாகத் தண்ணீர் இறங்கி, ரோடே கஞ்சியாகிவிடும். மூன்று வாரம் ஹாங்கவாராவுக்குப் பஸ்ஸும் போகாது, பாலும் போகாது. அந்த ரோட்டின் மேல்பரப்பில் இதுவரை அளந்ததிலேயே மோசமான குளிர் முப்பத்துநாலு. ஏழாம் துண்டு முப்பத்துநாலைத் தாண்டி நின்றால் எண்பது கிலோமீட்டரும் தானேலியின் தார். நிற்காவிட்டால் துண்டைத் தோண்டிப் போட்டுவிட்டு அவனைத் தெற்கே கூப்பிட்டுக்கொள்வார்கள். இன்று செவ்வாய்.

"காபி குடி," என்றேன். "நீ முறைச்சா விளக்கு பயந்துக்கும்."

அவன் இடது காதைத் தேய்த்துக்கொண்டான். பதற்றம் வந்தால் அதுதான் பழக்கம். அந்தக் காதின் மேல் விளிம்பு, எலி கடித்த ரொட்டி மாதிரி, கொஞ்சம் காணாமல் போயிருக்கும். போன வருஷம் பனியில் ஸ்கீ சறுக்கப் போனபோது தொப்பி பறந்து, காது உறைந்து உதிர்ந்துவிட்டதாம்.

டமார்! இரண்டாம் விளக்கு.

பதினோரு வருஷமாக நான் இந்த ரோட்டில் அளவு எடுக்கிறேன். ஆனாலும் அந்தச் சத்தம் கேட்டால் என் பிடரி மயிர் நிற்கும். யோசித்துப் பாருங்கள். குளிரில் எல்லாமே சுருங்கும். ஒரு கிலோமீட்டர் தாரும் சுருங்கத்தான் பார்க்கிறது. ஆனால் கீழே உறைந்த மண் பிடித்துக்கொண்டிருக்கிறது, நகர இடமில்லை. தன்னைத் தானே இழுத்துக்கொண்டு, இழுத்துக்கொண்டு, மணிக்கணக்கில் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறது. இருபது டன் லாரி ஏறினாலும் அசையாத ரோடு, யாருமே தொடாதபோது, தன் பலத்தாலேயே இரண்டாகப் பிளக்கிறது. கத்தியால் கீறின மாதிரி, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை.

பத்து மணிக்கு ஆறாம் விளக்கு. பத்தரைக்கு ஒன்றும் எட்டும் அடுத்தடுத்து. காடு முழுக்க எதிரொலி ஓடித் திரும்பி வந்தது. பதினொன்றுக்கு மூன்றும், பின்னாலேயே ஐந்தும். எல்லாமே இருபத்தொன்பதிலிருந்து முப்பத்துமூன்றுக்குள்.

பலகையில் ஒரே ஒரு பச்சைப் பொட்டு மிச்சம்.

தானேலி மூச்சு விடுகிறானா என்று பார்த்தேன். "இர்யா," என்றான் மெதுவாக, "ஏழு நிக்குது."

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

"நிக்குதுடீ!" என்று கத்தி என் இரண்டு தோளையும் பிடித்து உலுக்கினான். ஒன்பது வருஷத்தில் அவன் என்னைத் தொட்டது அதுதான் முதல் தடவை. எங்கள் பக்கம் அது கல்யாணத்துக்கே அதிகம்.

"அளவு எடுத்துட்டு வரேன். அப்புறம் ஆடு," என்றேன்.

இரண்டு ஜோடிக் கையுறை, கம்பளி பூட்ஸ். வெளியே மூச்சு விட்டால் மூச்சே மொறுமொறுவென்று கேட்டது. கன்னத்தில் காற்று படவில்லை. குளிர் என்பது அசையாமல் நின்று பார்த்துக்கொண்டிருக்கிற ஒரு ஆள் மாதிரி இருந்தது. தெற்கு வானத்தில் மட்டும் ரோஜா நிறத்தில் ஒரு கோடு. மற்றதெல்லாம் நீலம்.

ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஒரு பெட்டி. அதில் ரோட்டின் சூட்டைக் காட்டும் முள். பக்கத்தில் மண்ணுக்குள் இறக்கிய கண்ணாடிக் குழாய். அதில் நீலச் சாயம் கலந்த தண்ணீர். உறைந்தால் அந்தச் சாயம் நிறமிழந்துவிடும். குழாயை உருவிப் பார்த்தால் குளிர் பூமிக்குள் எவ்வளவு தூரம் இறங்கியிருக்கிறது என்று தெரியும். மேலே வெள்ளை, கீழே நீலம்.

ஐந்தில் உருவினேன். ஒரு மீட்டர் எண்பது வெள்ளை. ஒரு ஆள் உயரத்துக்குப் பூமி கல்லாகியிருக்கிறது. அதற்குக் கீழே பளிச்சென்று நீலம், அங்கே இன்னும் கோடை. இரண்டுக்கும் நடுவே ஒரு விரற்கடைதான். எத்தனை தடவை பார்த்தாலும் ஒரு நிமிஷம் கையில் வைத்துக்கொண்டு நிற்பேன்.

ஏழாம் துண்டு கிட்டத்தட்டக் கடைசியில், வளைவுக்கு அந்தப் பக்கம், கொட்டகையிலிருந்து தெரியாத இடத்தில். ஞாயிற்றுக்கிழமை பனி கொட்டியபோது நான் ரோவனியெமியில் அக்கா வீட்டில் இருந்தேன். திங்கட்கிழமை பனி தள்ளுகிறவன் ரெய்னோ வந்து சுத்தம் செய்திருந்தான். இன்று காலைதான் திரும்பினேன்.

பெட்டியைத் திறந்தேன். முள் பதினாறைக் காட்டியது.

கண்ணாடியைத் தட்டினேன். பதினாறு. இன்னொரு தடவை தட்டினேன். பதினாறேதான்.

ரோட்டுக்குள் காலை வைத்தேன். பூட்ஸ் புதைந்தது.

மற்ற ஏழு துண்டுகளும் கறுப்பாக, துடைத்த கரும்பலகை மாதிரி கிடந்தன. அதுதான் இங்கே முதல் விதி: சோதனைத் துண்டில் பனி ஒரு பொட்டுகூட இருக்கக்கூடாது. பனி என்பது போர்வை. அடியில் இருப்பதற்குக் குளிரே தெரியாது. ஏழாம் துண்டிலோ ஒரு சாண் பனி, ஓரம் முதல் ஓரம் வரை, கவனமாகத் தட்டிச் சமன் செய்து போர்த்தியிருந்தது. பனி தள்ளும் வண்டித் தகட்டின் தடம்கூடத் தெரிந்தது.

குனிந்து தோண்டி, கையுறையைக் கழற்றி உள்ளங்கையைத் தார்மேல் வைத்தேன். தொழுவத்தில் மாட்டின் முதுகைத் தொட்ட மாதிரி இருந்தது.

ஏழு நிற்கவில்லை. ஏழு தூங்கிக்கொண்டிருந்தது.

அங்கே ஒரு நிமிஷம் நின்றேன். மறைக்கவில்லை, சொல்லிவிடுகிறேன். பார்த்தது நான் ஒருத்திதான். பொய் சொல்லவே வேண்டாம். வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். வியாழக்கிழமைக்கு மேல் குளிர் தணியும் என்று ரேடியோவும் சொல்லிவிட்டது. அவன் காதைத் தேய்த்துக்கொண்டு விளக்கைப் பார்த்து நின்றது கண் முன்னால் வந்தது.

அப்புறம் ஹாங்கவாராவின் எண்பது கிலோமீட்டர் வந்தது. அதை யார் போர்த்தப் போகிறார்கள்?

கையுறை நிறையப் பனியை அள்ளிக்கொண்டு நடந்தேன்.

உள்ளே தானேலி தலைமை ஆபீஸோடு போனில் இருந்தான். "ஆமா சார், மத்த ஏழும் போச்சு, ஏழாம் நம்பர் மட்டும்... ஆமா, முப்பத்துமூணைத் தாண்டிடுச்சு..."

போன் பக்கத்தில் மேஜைமேல் பனியைக் கொட்டினேன். "இது ஏழாம் துண்டு மேல இருந்தது. ஒரு சாண். முள்ளு பதினாறு."

அவன் பனியைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். போனில் ஏதோ குரல் கேட்டுக்கொண்டே இருந்தது.

"மன்னிக்கணும் சார்," என்றான் கடைசியில். "தப்பாச் சொல்லிட்டேன். சோதனை இன்னும் நடக்கல. நாளைக்குக் கூப்பிடறேன்."

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு ரெய்னோ வந்தான். ஐம்பத்தெட்டு வயசு, அலமாரி மாதிரி உடம்பு. தினமும் பன்னிரண்டு மணிக்குக் காபிக்கு வந்துவிடுவான். மேஜைமேல் உருகிக்கொண்டிருந்த பனியைப் பார்த்ததும் தொப்பியைக் கழற்றினான்.

"கண்டுபிடிச்சிட்டீங்களா?"

"ஏன்யா ரெய்னோ, உனக்குப் புத்தி இருக்கா?" என்றேன். "பதினோரு வருஷமா இந்த ரோட்டுல பனி தள்றே. விதி தெரியாதா?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"தண்ணிக் குழாய் போற இடத்துல நீ பனியத் தள்ளுவியா? மாட்டே. கிணத்து மேல? உருளைக்கிழங்குக் குழி மேல? எங்க வீட்டு அஸ்திவாரத்துக்கே இடுப்பளவு போட்டு வச்சிருக்கேன். எது உறையக் கூடாதுன்னு நினைக்கிறோமோ அது மேல பனியப் போடறோம். போட்டேன்."

"இது குழாய் இல்ல! உறையணும்னுதான் இங்க இருக்கு!"

"கத்தாதேம்மா. காபி ஆறுது."

தானேலி எழுந்து கோட்டை மாட்டினான்.

"வண்டிய எடு, ரெய்னோ. பனிய வழிச்சு எடு. கறுப்பா தெரியணும்."

"மாட்டேன்."

"ரெய்னோ..."

"டாக்டரே, நான் படிக்காதவன். ஆனா மத்த ஏழும் ரெண்டு நாளா மெதுமெதுவா குளிர்ந்துச்சு. இத இப்ப ஒரே இழுப்புல உரிச்சா, சூடான டம்ளரை ஐஸ்ல போட்ட மாதிரிதானே? அது நியாயமா? வியாழக்கிழமை போகட்டும். பிப்ரவரில இன்னொரு குளிர் வரும்."

அவன் சொன்னது சரிதான். திடீர்க் குளிர் எந்தத் தாருக்கும் இரட்டைத் தண்டனை. தானேலிக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும்.

"பிப்ரவரில கமிட்டி இல்ல," என்றான். மூலையில் இருந்த மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

ஜன்னல் வழியாகப் பார்த்தோம். நூற்றிருபது மீட்டர் ரோடு, ஒரு மண்வெட்டி. வளைவில் மறைகிற வரைக்கும் ரெய்னோ பார்த்துக்கொண்டு நின்றான். அப்புறம் என் கப்பில் இருந்த காபியையும் சேர்த்துக் குடித்துவிட்டு, "பிடிவாதக் கழுதை," என்று சொல்லி வண்டிச் சாவியை எடுத்தான்.

ஒரு மணிக்கெல்லாம் ஏழாம் துண்டு கறுப்பாகக் கிடந்தது. தார்மேலிருந்து லேசாக ஆவி எழும்பியது. அவ்வளவு குளிரில் பதினாறுகூட ஆவி விடும்.

காத்திருந்தோம். பெட்டிக்குப் பக்கத்தில் ரெய்னோவின் வண்டி. இன்ஜின் ஓட, மாறி மாறி உள்ளே ஏறிக் கையைச் சூடுபடுத்திக்கொள்வோம். இரண்டு மணிக்கு இருபத்திரண்டு. தெற்கே ரோஜாக் கோடு அணைந்தது. நாலு மணிக்கு இருபத்தேழு. நட்சத்திரங்கள் வந்துவிட்டன, மேகம் ஒரு துணுக்குகூட இல்லை. பூமியின் சூடெல்லாம் திறந்த கூரை வழியாக நேரே வானத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. அந்த உயரத்தை அன்றைக்குத்தான் நான் சரியாக நிமிர்ந்து பார்த்தேன்.

"இருபத்தெட்டு," என்றேன். ஐந்தாம் துண்டு போன வருஷம் போன இடம்.

தானேலி ரோட்டு நடுவே போய் நின்றான். பிறகு முழங்காலிட்டான். கை தொப்பிக்குப் போனது.

"ஏய்!" ரெய்னோ வண்டியிலிருந்து குதித்தான். அவன் அப்படி ஓடி நான் பார்த்ததே இல்லை. அவன் கக்கத்தில் ஒரு பனிமான் தோல், கையில் ஒரு முழ நீளக் கட்டை. தோலைத் தார்மேல் விரித்தான். "படுக்கணும்னா இது மேல படு. தொப்பியில கை வச்சே, வண்டிய உன் மேல ஏத்திடுவேன். இந்தா, கட்டைய ரோட்டுல வச்சு, மறுமுனைய காதுல வை. இன்ஜின்ல எங்க தட்டுதுன்னு நான் இப்படித்தான் கேப்பேன்."

தானேலி குப்புறப் படுத்துக் கட்டையைக் காதோடு வைத்தான். வெகுநேரம் அசையவே இல்லை. அப்புறம் எனக்குக் கையசைத்தான்.

படுத்துக் கேட்டேன்.

ரோடு பாடிக்கொண்டிருந்தது. இப்படிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். ஆனால் வேறு வார்த்தை என்னிடம் இல்லை. அடியில் எங்கோ ஒரே சுருதியில் ஒரு ரீங்காரம், முறுக்கிக் கட்டிய கம்பியில் காற்று படுவது போல. அதன்மேல் டிக், டிக் என்று மணல்மணியாகச் சின்னச் சத்தங்கள். ஒவ்வொரு ஜல்லியையும் தார் பிடித்து இழுக்கிறது, ஜல்லி கொஞ்சம் கொடுக்கிறது, மறுபடி பிடித்துக்கொள்கிறது. பதினோரு வருஷம் இதன்மேல் நடந்திருக்கிறேன். உள்ளே இவ்வளவு நடக்கிறது என்று தெரியாமல் பூட்ஸோடு நடந்திருக்கிறேன்.

ரெய்னோவும் முறை வாங்கிப் படுத்துக் கேட்டான். எழுந்தபோது கேலி எதுவும் பேசவில்லை. மூக்கைத் துடைத்துக்கொண்டான், குளிரில் எல்லோருக்கும் மூக்கு ஒழுகும்.

ஐந்தரைக்கு முப்பத்தொன்று. ஆறுக்கு முப்பத்துமூன்று. மற்ற ஏழும் போய்ச் சேர்ந்த எல்லை. யாரும் வண்டிக்குள் ஏறவில்லை.

"முப்பத்துநாலு," என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. முள் கோட்டின்மேல் நின்றது. தாண்டியது. "முப்பத்தஞ்சு. தானேலி, முப்பத்தஞ்சு!"

தானேலி கட்டையிலிருந்து காதை எடுக்காமல் ஒரு விரலை உயர்த்தினான். பேசாதே.

முப்பத்தாறு. முப்பத்தேழு. காடு முழுவதும் எதற்கோ காத்திருந்தது. முப்பத்தெட்டு.

டமார்!

காலுக்கடியில் பூமி உதைத்தது. தானேலியின் கைக்கு ஒரு அடி தள்ளி, ஓரத்திலிருந்து ஓரத்துக்கு, நூல் பிடித்த மாதிரி ஒரு கறுப்புக் கோடு. மரங்களிலிருந்து பனி புஸ்ஸென்று இறங்கியது. எதிரொலி ஏரிவரை போய், அக்கரையில் முட்டி, சாவகாசமாகத் திரும்பி வந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது.

"எத்தனை?" தானேலி துள்ளி எழுந்தான். "இர்யா! எத்தனை?"

"முப்பத்தொன்பது."

"முப்பத்தொன்பது! அதுவும் ஒரே இழுப்புல உரிச்சு!" அவன் ரெய்னோவைக் கட்டிப் பிடித்துத் தூக்கப் பார்த்தான், அலமாரி அசையவில்லை. "அஞ்சு டிகிரி கையில இருக்குய்யா! உடையாம நின்னிருந்தா எதுவரைக்கும் தாங்கும்னு எவனுக்குத் தெரியும்? இப்ப ரோடே வாயைத் திறந்து சொல்லிடுச்சு!" விரிசலைத் தாண்டிக் குதித்து, திரும்பி வந்து அதைக் குனிந்து பார்த்து, மறுபடி தாண்டி, கொட்டகையைப் பார்க்க ஓடினான். நாளைக்கு என்று சொன்ன போனை இன்றே செய்யப் போகிறான்.

நானும் ரெய்னோவும் பனிமான் தோலைச் சுருட்டினோம். விறைத்துப்போய்ப் பலகை மாதிரி மடிந்தது.

"தோலு, கட்டை எல்லாம் முன்கூட்டியே வண்டியில தயாரா வச்சிருந்தியே," என்றேன். "அவன் ரோட்டுல படுப்பான்னு உனக்கு எப்படித் தெரியும்?"

ரெய்னோ கொட்டகைப் பக்கம் பார்த்தான். தானேலியின் கைவிளக்கு வளைவில் ஆடிக்கொண்டே போய் மறைந்தது.

"ஸ்கீ போய் வந்த காது இல்ல இர்யா அது, போன வருஷம் அஞ்சு வெடிச்ச அன்னிக்கு, தொப்பியில்லாம அந்தக் காதைத் தார்ல ஒட்ட வச்சு, எழுந்திரிக்க மனசில்லாமக் கிடந்தான், பிய்ச்சு எடுத்தது நான்தான்."